படம் ஒட்டாத பக்கம்

எங்கள் ஆய்வுக்கூடத்தில் தராசு என்று சொன்னால் எடை போடும் கருவி யாருக்கும் நினைவுக்கு வராது. ஐம்பத்தொரு வயது, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் மூக்குக்கண்ணாடி, எதையும் இரண்டு முறை செய்யும் ஓர் அம்மாதான் நினைவுக்கு வருவார். பெயர் வைத்தவன் நான்தான். அதற்காக அக்கா ஒரு நாளும் கோபித்துக்கொண்டதில்லை. "ஆமை, நத்தைன்னு எதுவும் வெக்காம விட்டியே தம்பி, அதுவரைக்கும் நல்லது" என்று சிரித்தார்.

அக்காவின் வேலை சுத்தம் செய்வது. தரையை அல்ல, வைரஸை. பயந்துவிடாதீர்கள், இது நோய் தரும் வைரஸ் அல்ல. அதன் வயிற்றில் இருந்த சரக்கை எடுத்துவிட்டு, நோயாளியின் உடம்பில் இல்லாத ஒரு மரபணுவை உள்ளே வைத்து அனுப்புகிறோம். தபால்காரர் மாதிரி என்று, ஆய்வுக்கூடத்தை நடத்தும் எங்கள் மேடம் வருகிறவர்களுக்கெல்லாம் சொல்வார். எங்கள் தபால் போய்ச் சேர வேண்டிய இடம் ஈரல். சின்னக் காயம் பட்டாலும் இரத்தம் உறையாமல் அவதிப்படுகிறவர்களுக்கு, நரம்பில் ஒரே ஒரு ஊசி. ஈரல் அந்தத் தபாலைப் படித்துவிட்டால், உறைய வைக்கும் பொருளை அதுவே செய்துகொள்ளும்.

செல்களில் வளர்த்த வைரஸ், உடைந்த செல்களின் குப்பையோடு சேர்ந்து கலங்கல் தண்ணீராகத்தான் அக்காவிடம் வரும். ஒரு குழாயில் நான்கு வகைத் திரவத்தை, கனமானது கீழே, இலேசானது மேலே என்று ஒன்றோடொன்று கலக்காமல் அடுக்குவார். கை நடுங்கினால் அடுக்கு கலைந்துவிடும். பிறகு அது நிமிடத்துக்கு அறுபதாயிரம் சுற்று சுற்றுகிற பெரிய சென்ட்ரிஃப்யூஜுக்குள் போகும். எதிரெதிர்க் குழாய்களின் எடை ஒன்றாக இல்லாவிட்டால் அந்த இயந்திரம் என்ன ஆகும் என்று கேட்காதீர்கள். எங்கேயோ வெடித்த ஒன்றின் படத்தைச் சுவரில் மாட்டியிருக்கிறோம். அதனால் அக்கா எடை போடுவார், குழாயைத் துடைப்பார், மறுபடி எடை போடுவார். சுழல ஆரம்பித்த பிறகு பத்து நிமிடம் வயிற்றில் கை வைத்தபடி பக்கத்திலேயே நிற்பார். சத்தம் சீரான பிறகுதான் மூச்சு விடுவார்.

சுழன்று முடிந்ததும் குப்பை ஒரு பக்கம், வைரஸ் ஒரு பக்கம் என்று அடுக்குக்கு அடுக்கு பிரிந்திருக்கும். குழாயின் பக்கவாட்டில் ஊசியைக் குத்தி, வைரஸ் நிற்கிற அடுக்கை மட்டும் உறிஞ்சி எடுப்பார். பார்த்தால் வெறும் தண்ணீர். அதில் உண்மையிலேயே வைரஸ் இருக்கிறதா, இருந்தால் எத்தனை கோடி என்று சொல்வது என் வேலை. அக்கா பிரிப்பார், நான் எண்ணுவேன். பதினோரு வருடமாக இப்படித்தான்.

வீட்டிலும் அக்கா அப்படியேதான். அவருடைய வீட்டுக்காரர் கார் ஓட்டச் சொல்லிக் கொடுப்பவர். பயமறியாத மாணவர்களோடு பகலெல்லாம் பிரேக்கில் கால் வைத்தே உட்கார்ந்திருப்பதால், பயந்த மனைவியைப் பார்த்தால் அவருக்கு நிம்மதி. "கதவு பூட்டினதை மூணு தடவை இழுத்துப் பார்ப்பா. தெருமுனை தாண்டினதும், நான் இழுத்துப் பார்த்தேனான்னு என்னைக் கேப்பா" என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். "ஆத்துல போட்டாலும் அளந்து போடணும்பாங்களே, இவ ஆத்தையே அளந்துட்டுத்தான் போடுவா." அக்கா உள்ளேயிருந்து, "அடுப்பை அணைச்சீங்களா?" என்று கேட்டார். நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம்.

அவ்வளவு கவனமான மனுஷி. அதுதான் எங்களுக்கு வினையாக வந்தது.

போன வருடம் மூன்று பேருக்கு எங்கள் மருந்தை ஊசி போட்டிருந்தார்கள். முதல் படி என்பதால் சிறிய அளவு. உடம்பின் ஒரு கிலோ எடைக்கு இத்தனை லட்சம் கோடி வைரஸ் என்ற கணக்கில் ஆஸ்பத்திரி டாக்டர் பத்து என்று கேட்டார், நாங்கள் பத்து என்று சீட்டு ஒட்டி அனுப்பினோம். மூன்று பேருக்கும் பலன் ஒன்றும் தெரியவில்லை. அளவு போதவில்லை போலிருக்கிறது என்று டாக்டர் அடுத்த ஆளுக்கு முப்பது கேட்டார். அதற்கான சரக்கை அக்கா ஆறு வாரம் உழைத்துப் பிரித்து முடித்திருந்தார். வியாழக்கிழமை மதியம் வண்டி வரும். திங்கட்கிழமை ஊசி.

செவ்வாய் காலை அளந்தேன். எண்ணுவது என்றால் ஒவ்வொன்றாக அல்ல. வைரஸின் கூட்டை உடைத்து, உள்ளே இருக்கும் மரபணுவை இயந்திரத்தில் இரட்டிப்பாக்கிக்கொண்டே போவோம். எத்தனையாவது சுற்றில் ஒளி தெரிகிறது என்று பார்ப்போம். சீக்கிரம் தெரிந்தால் சரக்கு அதிகம், தாமதமாகத் தெரிந்தால் குறைவு. ஒப்பிட்டுப் பார்க்க, இத்தனை இருக்கிறது என்று முன்பே தெரிந்த ஒரு குழாயை அதோடு ஓடவிடுவோம். அதுதான் எங்கள் அளவுகோல். இரண்டு வருடமாக ஒரே அளவுகோலைப் பயன்படுத்தினோம். அது தீர்ந்துபோய் அடியில் சில துளிகளே மிச்சம். போன வாரம்தான் அக்கா புதிதாக ஒன்று தயாரித்திருந்தார். அதை வைத்து முதன்முதலாக அளந்தேன்.

எதிர்பார்த்ததில் ஐந்தில் ஒரு பங்குதான் வந்தது.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும், நியாயம் பிறகுதான் வரும். நேராக அக்காவின் அறைக்குப் போனேன்.

"என்னக்கா பண்ணி வெச்சிருக்கீங்க? அஞ்சுல ஒரு பங்குதான் இருக்கு. மிச்சத்தைக் குழாயடியில ஊத்திட்டீங்களா?"

அக்காவின் முகம் வெளுத்துப்போனது. "அப்படி இருக்காதே தம்பி" என்றார். "இன்னொரு தடவை பார்த்தியா?"

"மூணு தடவை பார்த்தேன். உங்ககூட சேர்ந்து எனக்கும் அந்த வியாதி வந்துடுச்சு."

ஆறு வாரத்தையும் ஒன்றிலிருந்து தொடங்கி அவர் மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. அடுக்கு கலைந்ததா, ஊசி தவறான இடத்தில் குத்திற்றா, குழாய் கசிந்ததா. கழிவில் போடாமல் வைத்திருந்த பழைய குழாய்களை விளக்கில் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தவர், தன் பஸ் வந்து போனதைக்கூடப் பார்க்கவில்லை. நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன், கூப்பிடவில்லை. அந்த நேரத்தில் எனக்கு அவர்மேல் அவ்வளவு கோபம்.

புதன்கிழமை காலை நான் போகும்போதே அவர் என் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். கையில் பனிப்பெட்டி.

"தம்பி, போன வருஷம் அனுப்பின சரக்குல நாம ஒதுக்கி வெச்ச குழாய் ஒண்ணு ஃப்ரீசர்ல இருந்தது. அதைப் புது அளவுகோலை வெச்சு அளந்து பாரேன்."

"அது எதுக்கு? அதுதான் சரியா இருந்துச்சே."

"சரியா இருந்துதான்னு பாரு."

அளந்தேன். இயந்திரம் ஓடுகிற இரண்டு மணி நேரமும் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். திரையில் கோடுகள் எழும்பின. அதிலும் ஐந்தில் ஒரு பங்கு.

சரக்கு தொலையவில்லை. கோணல் கோலில் இருந்தது. இரண்டு கோலில் எது கோணல் என்பதுதான் இனிக் கேள்வி.

அந்தக் கோல் என்பது ஒரு மரபணு வளையம். அதை ஓரிடத்தில் வெட்டி நேராக்கிவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும். வெட்டாவிட்டால் வளையம் முறுக்கிக்கொண்டு கிடக்கும். இயந்திரத்தில் இரட்டிப்பாவதற்குச் சண்டித்தனம் செய்யும், ஒளி தாமதமாக வரும். காலில் முள் குத்தியவனோடு பந்தயம் ஓடினால் யாரும் சூரர்தான். அப்படிப்பட்ட கோலோடு ஒப்பிட்டால் எங்கள் சரக்கும் இல்லாத சூரத்தனம் காட்டும். வெட்டியாயிற்றா என்று தெரிந்துகொள்ள ஒரு சுலபமான வழி உண்டு. ஜெல் என்கிற கூழ்த் தகட்டில் மின்சாரம் விட்டு ஓடவிட வேண்டும். வெட்டியது மெதுவாக ஓடும், முறுக்கிய வளையம் முந்திக்கொண்டு ஓடும். அதைப் படம் எடுத்துக் குறிப்பேட்டில் ஒட்ட வேண்டும். இன்னொருவர் அதைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அது எங்கள் சட்டம்.

பழைய குழாயின் கடைசித் துளிகளை அக்கா ஜெல்லில் விட்டார். பக்கத்தில் புதியது. ஒரு மணி நேரம் கழித்து விளக்கின் மேல் வைத்துப் பார்த்தோம். பழையது வெகுதூரம் முந்தி ஓடியிருந்தது. வெட்டாத வளையம்.

அக்கா அலமாரியிலிருந்து இரண்டு வருடத்துக்கு முந்தைய குறிப்பேட்டை எடுத்தார். அவருடைய குண்டுக் கையெழுத்தில் பக்கம் ஒழுங்காக இருந்தது. தேதி, அளவு, சூடு, நேரம். நடுவில் படம் ஒட்டுவதற்காக ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டிருந்தார். நான்கு மூலையிலும் பசை தடவிக் காய்ந்த கறை. படம் மட்டும் இல்லை.

"எம் பொண்ணு பாப்பா ஸ்கூல் படியில விழுந்து பல்லு உடைஞ்சுதுன்னு போன் வந்ததே, அன்னிக்கு" என்றார். குரல் எங்கேயோ இருந்து வந்தது. "வெட்டினதும் வெட்டாததும் ரெண்டு குழாய் ஸ்டாண்டுல இருந்தது. பேர் எழுதாம அப்படியே ஃப்ரிட்ஜுல வெச்சிட்டு ஓடினேன். மறுநாள் வந்து, இடது பக்கம் இருக்கறதுதான் வெட்டினதுன்னு எடுத்தேன். படம் அப்புறம் எடுத்துக்கலாம்னு பசையைத் தடவி வெச்சேன். பசை தடவினதும் ஒட்டின மாதிரியே மனசுல பதிஞ்சிடுச்சு போல."

அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது நான் பக்கத்தின் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்துச் சரி கண்டவர் என்ற இடத்தில் ஒரு கையெழுத்து. வால் நீட்டி, அடியில் கோடு இழுத்து, ரொம்பப் பெரிய மனுஷன் போட்டது போல. என்னுடையது.

வெற்றுக் கட்டத்துக்குக் கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஏன் என்று யோசிக்கவே தேவையில்லை. தராசு செய்தால் சரியாகத்தான் இருக்கும். வேறு யாராவது கொடுத்திருந்தால் பூதக்கண்ணாடி வைத்துக் குற்றம் கண்டுபிடித்திருப்பேன். அக்காவின் பக்கத்தை மட்டும் நான் பதினோரு வருடமாகப் படித்ததே இல்லை. முந்தைய நாள் குழாயடியில் ஊத்திவிட்டீர்களா என்று கத்தியது ஞாபகம் வந்தது. வெட்கமாக இருந்தது. வெட்கம் வந்தால் என் புத்தி உடனே சந்துபொந்து தேடும்.

"அக்கா, உட்காருங்க. நான் சொல்றதைக் கேளுங்க" என்றேன். "டாக்டர் கேட்ட முப்பது, பழைய கோல் கணக்குல முப்பது. போன வருஷம் பத்துன்னு சீட்டு ஒட்டினோமே, நெசமா உள்ள போனது ரெண்டுதான். இப்ப புதுக் கோலை வெச்சு முப்பது அனுப்பினா நெசமாவே முப்பது போகும். ரெண்டுலேர்ந்து ஒரே தாவா முப்பது. பதினஞ்சு மடங்கு."

"ஈரல் தாங்காது" என்றார் அக்கா.

"தாங்காது. குருவி தலையில பனங்காய். அதனால பழைய கணக்குலயே சீட்டு ஒட்டிடலாம். நான் அஞ்சால பெருக்கிக்கறேன். சீட்டுல முப்பது இருக்கும், உள்ள ஆறுதான் போகும். டாக்டர் மூணு மடங்கு ஏத்தணும்னு நினைச்சார், மூணு மடங்குதான் ஏறும். யாருக்கும் ஒண்ணும் ஆகாது. உங்களுக்கும் ஒண்ணும் ஆகாது."

எனக்கும் என்று சொல்லவில்லை. அவருக்குத் தெரியாதா என்ன.

அக்கா வெகுநேரம் கண்ணாடிக் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். பிறகு, "எனக்கும் அதேதான் தோணுது தம்பி. அதான் பயமா இருக்கு" என்றார்.

"இதுல பயப்பட என்ன இருக்கு?"

"அந்த மூணு பேரு?"

நான் நினைக்காமலிருக்கப் பார்த்ததும் அந்த மூன்று பேரைத்தான். இந்த வைரஸை உடம்பு ஒரு முறை பார்த்துவிட்டால் அடையாளம் வைத்துக்கொள்ளும். அடுத்த முறை வந்தால் வாசலிலேயே அடித்து விரட்டிவிடும். ஆளுக்கு ஒரே ஒரு ஊசிதான் வாய்ப்பு. அந்த வாய்ப்பில் அவர்களுக்கு நாங்கள் ஐந்தில் ஒரு பங்கைப் போட்டுத் தீர்த்துவிட்டோம்.

"சொன்னா மட்டும் அது திரும்ப வந்துடுமா?" என்றேன்.

"வராது. ஆனா அவங்க என்ன நினைச்சிட்டு இருப்பாங்க? மருந்து போட்டும் கேக்கலன்னு நினைச்சிட்டு இருப்பாங்க. மருந்தே போகலைன்னு நம்ம ரெண்டு பேரைத் தவிர யாருக்குத் தெரியும்?" அவர் எழுந்துகொண்டார். "நாளைக்கு நீயும் நானும் இல்லாதப்ப யாராவது நல்ல பிள்ளை ஒருத்தர் வந்து, ஒழுங்கா அளந்து, ஒழுங்கா சீட்டு ஒட்டுவாங்க. அன்னிக்கு நெசமாவே முப்பது போகும்."

மதியம் அக்கா மேடத்தின் அறைக்குப் போனார். இரண்டு குறிப்பேடு, ஜெல் படம், ஒரு பக்கம் எழுதிய கடிதம். கதவுக்கு வெளியே நின்று எல்லாம் இருக்கிறதா என்று பார்த்தார். மறுபடி ஒருமுறை பார்த்தார்.

அந்த அறைக்குக் கண்ணாடிக் கதவு. நான் தாழ்வாரத்தில் நின்று பார்த்தேன். மேடம் முதலில் புரியாமல் சிரித்தார், பிறகு நாற்காலியை முன்னால் இழுத்தார். எங்கள் சரக்கில் நூறு கூட்டுக்குத் தொண்ணூற்றில் மரபணு நிறைந்திருக்கிறது, மற்றவர்களுக்கு அதில் பாதிகூட வராது என்று அவர் எத்தனை மேடையில் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். அந்தப் பெருமையும் அதே கோணல் கோல் கொடுத்ததுதான். அது அவர் முகத்தில் இறங்குவதைப் பார்த்தேன். குறிப்பேட்டின் அடியில் விரல் வைத்து ஏதோ கேட்டார். அக்கா இல்லை இல்லை என்று தலையாட்டித் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

நான் தைரியத்தால் உள்ளே போனேன் என்று எழுத ஆசைதான். மேடம் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துவிட்டார், அதனால் போனேன்.

"அது என் கையெழுத்து மேடம். பார்க்காமலே போட்டேன்."

"பார்க்காம எப்படிப் போடுவீங்க?"

"அக்கா செஞ்சதுன்னு போட்டேன்."

மேடம் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் போனை எடுத்து ஆஸ்பத்திரிக்குப் பேசினார். திங்கட்கிழமை ஊசி நின்றது. வியாழக்கிழமை வந்த வண்டியைக் காலியாகத் திருப்பி அனுப்பினோம்.

அதற்குப் பிறகு மூன்று மாதம் விசாரணை. வெளியிலிருந்து வந்தவர்கள் எங்கள் குறிப்பேடுகளை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார்கள். அக்காவை சென்ட்ரிஃப்யூஜ் பக்கமே போகக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ஃப்ரீசரில் இருந்த எல்லாப் பழைய குழாய்களையும் தேதிவாரியாகப் பட்டியல் எடுக்கும் வேலை கொடுத்தார்கள். அவர் வீட்டுக்காரர் ஒருநாள் என்னை வழியில் பிடித்து, "இப்பல்லாம் கதவை இழுத்துப் பார்க்கறதே இல்லை தம்பி, பூட்டிட்டு அப்படியே நடக்கறா. எனக்கு அதுதான் பயமா இருக்கு" என்றார். அன்று அவர் கிண்டல் செய்யவில்லை.

விசாரணை முடிந்தது. பெயரையும் நேரத்தையும் குழாயில் எழுதாமல் யாரும் இருக்கையை விட்டு எழக்கூடாது, படம் இல்லாத பக்கத்தில் கையெழுத்து இல்லை என்று தடித்த எழுத்தில் புதுச் சட்டம் போட்டார்கள். இருந்த சட்டமேதான். எங்களை வேலையைவிட்டு அனுப்பவில்லை. ஒளிக்காமல் நாங்களே வந்து சொன்னதால் என்றார்கள். நான் சொல்லவில்லை, அக்காதான் சொன்னார் என்று அப்போது ஏனோ என் வாயில் வரவில்லை. இப்போது எழுதுகிறேன்.

அந்த வாரம் டாக்டர் நேரில் வந்தார். மூன்று பேரையும் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டதாக மேடத்திடம் சொன்னார். அக்காவும் நானும் சுவரோரம் நின்றிருந்தோம். முதல் ஆள் கேட்டுவிட்டுக் கோபத்தில் மேசையைத் தட்டி, வக்கீலைப் பார்க்கிறேன் என்று போய்விட்டாராம். மூன்றாமவர் தன் ஃபைலை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டாராம். இரண்டாமவர் பள்ளிக்கூடத்தில் ஓவியம் சொல்லிக் கொடுப்பவர். திரும்பச் சொல்லுங்கள் என்று இரண்டு முறை கேட்டாராம்.

"அவருக்கு ஒரு தம்பி இருக்கார்" என்றார் டாக்டர். "அதே நோய்தான். நாலாவது ஆளா பேர் கொடுத்திருந்தவர், அண்ணனுக்குப் பலிக்கலைன்னதும் எங்க குடும்பத்து உடம்பே இதை ஏத்துக்காதுன்னு சொல்லி விலகிட்டார். அண்ணன்தான் அப்படிச் சொல்லித் தடுத்தாராம். ஒரு வருஷமா தன் உடம்பைத்தான் திட்டிட்டு இருந்திருக்கார். எல்லாத்தையும் கேட்டுட்டு என்கிட்ட ஒண்ணுதான் கேட்டார். அப்ப தப்பு என் உடம்புல இல்லையா டாக்டர், அப்ப என் தம்பிக்குப் போடலாமான்னு."

அக்கா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். மூன்று மாதத்தில் முதன்முறையாக அவர் அழுவதைப் பார்த்தேன். புறங்கையால் துடைத்துக்கொண்டு கண்ணாடியை மறுபடி மாட்டினார்.

"போடலாம்னு சொன்னீங்களா டாக்டர்?"

"சொன்னேன்மா. சரியா அளந்து போடலாம்னு சொன்னேன்."

"சொல்லிட்டீங்கல்ல?"

டாக்டருக்கு அக்காவைத் தெரியாது. ஆனாலும் இரண்டாவது முறையும் பொறுமையாகவே சொன்னார். "சொல்லிட்டேன்மா."